குணலட்சுமி விதவை இல்லை

அந்த நிகழ்ச்சியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதியும் பிரயோசனம் இல்லை. நான் லண்டனுக்கு வந்த பிறகே அதன் பெயரை மூன்று தரம் மாற்றிவிட்டார்கள். செய்தி வாசிக்கிற ஆள் மாறினார், மேசை மாறியது, பின்னால் போகிற இசை மாறியது. மாறாமல் கிடப்பது ஒன்றுதான்: என் சின்னம்மாவின் அழுத முகம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், உலகத்தில் எங்கெங்கே சனம் சாகிறது என்று இந்த நாட்டவருக்குக் காட்டுகிற நிகழ்ச்சி அது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கூடப் போகுதாம். எங்களுடைய ஆட்கள் தேநீரை வைத்துக்கொண்டு அதன் முன்னால் இருப்பார்கள், ஊர்ப் பெயர் ஏதும் காதில் விழுமா என்று. நானும் இருந்திருக்கிறேன்.

சின்னம்மாவை அறிந்தவர்கள் அந்த முகத்தைக் கண்டால் முதலில் நம்பமாட்டார்கள். குணலட்சுமி அழுகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழையில் வெங்காயத் தோட்டம் செய்தவர். இறைப்பு முறை வருகிற நாளில் பக்கத்துத் தோட்டக்காரன் வாய்க்காலைத் தன் பக்கம் வெட்டிவிட்டால், மண்வெட்டியும் கையுமாகப் போய் நிற்பார். என் தாத்தாவின் செத்த வீட்டில் ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவர் பந்தல்காரனோடு சண்டை. "செத்த மனிசனுக்கு வெயில் படாது எண்டோ இந்தக் கிழிஞ்ச படங்கைக் கொண்டு வந்தனீ?" சாந்தமாகப் பேசத் தெரியாத வாய். ஆனால் அந்த வாய்க்குப் பயந்து கடைக்காரன் தராசைத் தொடாமல் நிறுப்பான்.

சித்தப்பாவின் பெயர் கனகலிங்கம். ஊரில் 'மெசின் கனகலிங்கம்' என்றால்தான் தெரியும். தண்ணீர் இறைக்கிற மெசின் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சின்னம்மா கத்துகிற நேரம் முழுக்க அவர் சிரித்துக்கொண்டு ஏதாவது ஆணியைக் கழற்றிக்கொண்டிருப்பார். எண்பத்தாறாம் ஆண்டு, திருத்திய மெசின் ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கீரிமலைப் பக்கம் போனவரை, ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். சைக்கிள் றோட்டோரத்தில் கிடந்தது. மெசினையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு காலை. சின்னம்மா கிணற்றடியில் தோய்ந்துகொண்டு நின்றார். ஆரோ வேலிக்கு மேலால் கத்தினார்களாம், ஆசுபத்திரிக்குப் பிரேதங்கள் கொண்டு வந்திருக்கிறார்கள், பிடிபட்ட பொடியளாம் என்று. ஈரத் தலை விரிந்தபடி, பொட்டும் இல்லாமல், கையில் அகப்பட்ட சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடினார். பிரேத அறையில் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தார். சித்தப்பா அதில் இல்லை.

இல்லை என்று தெரிந்த பிறகுதான் அழுதார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தரமாகப் பத்துப் பேர் பார்க்க அழுதார். "ஐயோ கடவுளே, இல்லை" என்று. மனிசன் உயிரோடு இருக்கிறார் என்ற ஆறுதலில் வந்த அழுகை அது.

வாசலில் கமெராவோடு ஒரு வெள்ளைக்காரன் நின்றான். அவனோடு வந்த எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த முகம் வந்தது. மேசையில் இருந்த கண்ணாடிக்காரர், நல்ல கனத்த குரலில், இந்தப் பெண் இன்று விதவையானாள் என்றார். அவ்வளவுதான். ஒரு வசனம். ஏன் விதவை என்றார்? படத்தில் ஒரு பெண் பிரேத அறை வாசலில் நின்று அழுகிறாள், விதவை இல்லாமல் வேறு என்ன? லண்டனில் கதிரையில் இருந்து எழுதியவனுக்கு அது போதும்.

எங்களுடைய ஆட்களுக்கும் அது போதும் என்பதுதான் இதைவிடப் பெரிய கொடுமை.

சித்தப்பாவின் தமையன் தில்லைநாதன் எழுபதுகளிலேயே லண்டனுக்கு வந்து கணக்காளராக இருக்கிறவர். எனக்குப் பெரியப்பா முறை. தம்பியைப் பிடித்த செய்தி வந்த உடனே, கைதிகளுக்காகக் கொழும்பு அரசாங்கத்தோடு வாதாடுகிற இங்கத்தைய சங்கம் ஒன்றுக்குப் போய்ப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழும்பி நின்று தலையில் கை வைத்தார். ஈரத் தலை. விரித்த கூந்தல். பொட்டில்லாத நெற்றி. இங்கிலீஷ்காரன் சொல்வதை அந்த நெற்றி ஓம் என்கிறது. வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? இதை ஊருக்கு எழுதிக் கேட்பது எப்படி? 'உன்ரை புருஷன் செத்தது உண்மையோ' என்று ஒரு பொம்பிளையிடம் எங்களுடைய ஆட்கள் கேட்பார்களா? கேட்கமாட்டார்கள். கேட்காமல் காரியத்தைச் செய்வார்கள்.

செய்தார். ஐயரைப் பிடித்து, நாள் பார்த்து, அந்தியேட்டிக் கிரியை நடத்தி, கல்வெட்டும் அடித்தார். எங்கள் வழக்கப்படி இறந்தவரின் படமும் வரலாறும் அவர்மேல் பாடிய வெண்பாக்களும் போட்டு, முப்பத்தோராம் நாள் கொடுக்கிற புத்தகம். நல்ல வழவழப்பான தாளில். சங்கத்துக்கும் போய்த் தம்பி இறந்துவிட்டான் என்று சொல்லி, அவனுடைய விபரம் இருந்த கோவையை மூடுவித்தார். ஊருக்குப் போன ஒருவரிடம் கல்வெட்டில் ஒரு கட்டும், நிகழ்ச்சியைப் பதிந்த கசற்றும் கொடுத்துவிட்டார்.

சின்னம்மாவின் கையில் கல்வெட்டு கிடைத்த அன்று அவர் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தாராம். புருஷனின் படத்தைப் பார்த்தார். கீழே 'சிவபதம் எய்தினார்' என்று இருந்தது. கொண்டு வந்தவர் ஆறுதல் சொல்ல வாயெடுத்திருக்கிறார்.

"நிப்பாட்டு," என்றாராம் சின்னம்மா. "ஆர் செத்தது?"

"இல்லை அக்கா... அங்கை ரீவியிலை..."

"நான் செத்தவீடு செய்தனானோ? உனக்கு இந்த வளவிலை பறை மேளம் கேட்டதோ?"

வீடியோ டெக் இருந்த வீடொன்றில் கசற்றைப் போட்டுப் பார்த்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை, நின்றபடியே பார்த்தார். அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர், சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார், பழைய ஐம்பது சதக் குத்திக் காசளவு. அன்றிலிருந்து அந்த அளவு குறையவே இல்லை. கல்வெட்டுக் கட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுப்பு மூட்டப் பாவித்தார். "வெண்பா நல்லா எரியுது" என்று எனக்கு எழுதியிருந்தார்.

எண்பத்தேழு முடிகிறபோது, இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, கைதிகளில் கொஞ்சப் பேரை விட்டார்கள். உடுவில் பொடியன் செபநாயகம் அதில் வந்தவன். அவனே தேடி வந்து சொன்னான்: தெற்கிலே ஒரு முகாமில் கனகலிங்கத்தைக் கண்டதாக. கால் வீங்கி இருந்ததாம். முகாமின் தண்ணீர் மோட்டர் பழுதாகியபோது அவர்தான் திருத்தினாராம். காவல்காரரே 'மெசின்' என்றுதான் கூப்பிடுவார்களாம். சிரித்துக்கொண்டே திருத்தினாராம். பிறகு ஒருநாள் ஒரு லொறியில் ஏற்றி வேறெங்கோ கொண்டு போனார்களாம். உயிரோடு. அதைச் செபநாயகம் இரண்டு தரம் சொன்னான்.

இனி ஆரும் அவரை விடுவிக்கவேண்டும் என்றால், முதலில் ஆரோ அவரைக் கேட்கவேண்டும். கேட்கிற சங்கத்தில் அவர் செத்தவர். நான் போய்க் கேட்டேன். கோவையைத் திறந்தவரும் மூடியவரும் தமையன், அவர்தான் வந்து பிழை என்று சொல்லவேண்டும் என்றார்கள். நியாயம். தில்லைநாதன் பெரியப்பாவிடம் போனேன். வரவேற்பறைச் சுவரில் சித்தப்பாவின் படம். பிளாஸ்ரிக் மாலை, கீழே சிவப்பு பல்ப்.

"ஒரு பொடியன் ஆரையோ கண்டிருப்பான், பிள்ளை."

"தண்ணி மோட்டர் திருத்தினவராம் பெரியப்பா."

"மோட்டர் திருத்துறவன் உலகத்திலை என்ரை தம்பி மட்டுமோ?"

"சின்னம்மா எழுதினவ. பொட்டோடை இருக்கிறா."

"அவ எழுதுவா. அவவின்ரை மனம் அப்பிடி." பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்கள் சும்மா சொல்லுறவங்கள் இல்லைப் பிள்ளை. நேரை நிண்டு படமெடுத்துச் சொன்னவங்கள். பிழையெண்டா அவங்கள் மாத்திச் சொல்லட்டும். நான் நம்புறன்."

தன் சொந்தத் தம்பியின் பெண்சாதி சொன்னால் மனப்பிராந்தி. முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் சொன்னால் உண்மை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பிறகுதான் அவருக்குள் இருந்த பயம் எனக்குப் பிடிபட்டது: பிழை என்று ஒப்புக்கொண்டால், உயிரோடிருக்கிற தம்பிக்குப் பிண்டம் போட்டவர் ஆகிவிடுவார். அந்தப் பாவத்தைத் தாங்குவதைவிடத் தம்பி செத்திருப்பது அவருக்குச் சுகமாக இருந்தது.

ஆக, அந்த நிகழ்ச்சியே தன் வாயால் சொன்னால்தான் உண்டு. நான் எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று அச்சடித்த அட்டை வந்தது. திரும்ப எழுதினேன், வேறு நிற அட்டை வந்தது.

இதற்கிடையில் நிகழ்ச்சி வளர்ந்தது. கண்ணாடிக்காரர் ஓய்வு பெற்றார். ஒரு மணித்தியாலமாக இருந்தது அரை மணித்தியாலமானது. மிச்சத்தை விளம்பரம் தின்றது. தொடக்கத்தில் மேளம் போல ஒரு இசையும் நாலைந்து முகங்களும் வைத்தார்கள்: ஒரு ஒட்டிய வயிற்றுக் குழந்தை, துவக்கோடு ஒரு பொடியன், சுவர் ஏறுகிற சனம், என் சின்னம்மா. குவைத் சண்டையோடு செய்மதி வந்தது, நாள் முழுக்கச் செய்தி வந்தது. சின்னம்மாவின் அழுகையை மெதுவாக ஓடவிட்டார்கள், கண்ணீர் இறங்குவது நல்லாய்த் தெரியட்டும் என்று. அதற்குப் பிறகு கம்பியூட்டரில் ஒரு பூமி உருண்டை செய்து, அவருடைய முகம் அதற்குள் கரைந்து போகிற மாதிரி வைத்தார்கள். அதைச் செய்தவருக்குப் பரிசும் கிடைத்ததாம். ஒரு முகத்தை எட்டு வருடம் தோய்த்துத் தோய்த்து உலர்த்தத் தெரிந்தவர்களுக்கு அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று தோன்றவில்லை.

தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்க, தெல்லிப்பழையை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தது. சின்னம்மா உடுவிலில் ஒரு வளவின் மூலையில் கொட்டில் போட்டு, குத்தகைக் காணியில் திரும்பவும் வெங்காயம் நட்டார். கரண்ட் இல்லை. அந்தத் தொடக்கத்தைப் பதிந்து நான் அனுப்பின கசற்றை, மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டிப் படம் காட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். சினிமாப் படம் பார்க்க வந்திருந்த சனமும் சேர்ந்து பார்த்தது.

"குணலட்சுமியக்கா, உலகம் முழுக்க இப்ப உங்களைத் தெரியும்!"

"தெரிஞ்சு? ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தருவாங்களோ?"

தொண்ணூற்றைந்து தை மாதம் சண்டை நின்றது. இவ்வளவு காலமும் வரமுடியாமல் இருந்த எங்களைப் போன்றவர்கள் ஓடிப் போனோம். கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்தோம். வெளிநாட்டுச் செய்திக்காரரும் வந்து குவிந்தார்கள். நான் போய்ச் சேர்ந்து ஒரு கிழமையில், உடுவில் கடைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு படத்தைக் காட்டி விசாரிக்கிறாள் என்று செய்தி வந்தது. பின்னேரம் வளவுக்கே வந்துவிட்டாள். பெயர் ஹெலன். கமெராக்காரன் ஒருவனும் கூட. நிகழ்ச்சியின் பிறந்தநாளுக்காக 'அந்த முகங்கள் இன்று எங்கே' என்று ஒரு விசேஷம் செய்கிறார்களாம். சின்னம்மாவைக் கண்டதும் உண்மையிலேயே சந்தோசப்பட்டாள், கையைப் பிடித்தாள்.

சின்னம்மா தோட்டத்து மண்ணோடு இருந்த கையை இழுத்துக்கொண்டார். "ஆரிவள்?"

சொன்னேன். சின்னம்மா கொட்டிலுக்குள் போனார். நான் பயந்து போனேன், மண்வெட்டியோடு வரப்போகிறாரோ என்று. முகம் கழுவி, கொண்டை போட்டு, பொட்டைப் புதிதாக வைத்து, தாலிக்கொடியைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

ஹெலன் கொட்டில் வாசலைக் காட்டினாள். அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கமுடியுமா, முன்னை மாதிரி?

"அழச் சொல்லுறாளோ?"

"இல்லைச் சின்னம்மா. சும்மா நிக்கட்டாம்."

"சும்மா நிக்கிறதுக்கு நான் என்னத்துக்கு? அந்தப் பனையைப் படமெடுக்கச் சொல்லு." முற்றத்தில் சேர்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை. "இவளுக்குச் சொல்லு. நான் ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டன். அழமாட்டன். அவரின்ரை படத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கமாட்டன். இவள் எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டு, தன்ரை வாயாலை, இந்தப் பொம்பிளையை விதவை எண்டு நாங்கள் சொன்னது பிழை, அவளின்ரை புருஷனை அதுக்குப் பிறகு உயிரோடை கண்டவை எண்டு சொல்லவேணும். அதை மட்டும்தான் எடுக்கலாம்."

நான் மொழிபெயர்த்தேன். ஹெலனின் முகம் மாறியது. அது தனக்கு முந்திய ஆட்கள் செய்தது, தான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவள், இப்படி ஒரு திருத்தம் சொல்வதென்றால் லண்டனில் மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றாள். பாவம் போலத்தான் சொன்னாள்.

"கேக்கவேணுமாம்," என்றேன்.

"கேக்கட்டும். என்னை விதவையெண்டு சொல்லேக்கை ஆரைக் கேட்டவையெண்டும் கேட்டுக்கொண்டு வரட்டும்."

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். உடுவில் கல்லூரியில் எனக்கு இங்கிலீஷ் படிப்பித்ததன் பலனை அன்றைக்குத்தான் கண்டேன். சின்னம்மா இப்போது ஹெலனைப் பார்த்தே, தமிழிலேயே, ஒரு சொல்லும் தணியாமல் சொன்னார்: "பிள்ளை, நான் உங்களிலை விருப்பத்திலை இதைக் கேக்கேல்லை. நான் சொன்னா அவரின்ரை தமையனார் நம்பார். நீங்கள் சொன்னா நம்புவார். அவர் நம்பினாத்தான் என்ரை மனிசனைக் கேப்பாங்கள். என்ரை வாயிலை இல்லாத மரியாதை உங்கடை வாயிலை இருக்கு. அதாலை கேக்கிறன்."

பிறகு அந்தக் கல்வெட்டைக் கொண்டு வந்து அவள் கையில் வைத்தார். நான் விளக்கினேன்: உங்களுடைய ஒரு வசனத்தால் வந்தது இது. ஹெலன் சித்தப்பாவின் படத்தைக் கனநேரம் பார்த்தாள். கமெராக்காரன் கல்வெட்டைக் கிட்டத்தில் எடுக்கலாமோ என்று கமெராவைத் தூக்கினான். "அதை வை கீழை," என்றார் சின்னம்மா. மொழிபெயர்க்காமலே அவனுக்கு விளங்கியது.

ஹெலன் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சொன்னாள். ஒரு தரம் தடுமாறி, இரண்டாம் தரம் சரியாக. சின்னம்மா கமெராவை நேரே பார்த்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடியபடி நின்றார்.

நான் லண்டனுக்குத் திரும்பினேன். சித்திரையில் சண்டை திரும்பவும் வெடித்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விசேஷ நிகழ்ச்சி என்று ஹெலன் தொலைபேசியில் சொன்னாள். என்னத்தை விட்டார்கள், என்னத்தை வெட்டினார்கள் என்று சொல்ல அவளாலேயே முடியவில்லை. நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் வழக்கமான கதிரையில். சுவரில் சிவப்பு பல்ப்.

உருண்டை சுழன்றது. மேளம் அடித்தது. அழுத முகம் கரைந்தது. பிறகு மற்றவர்களின் கதைகள். எங்களுடையது கடைசியில் வந்தது, ஒரு சொக்கலேற் விளம்பரத்துக்கு முன்னால். உடுவில் வளவு. பெரிய பொட்டோடு சின்னம்மா. பக்கத்தில் ஹெலன்: நாங்கள் இவரை விதவை என்று சொன்னோம், அது தவறு, இவருடைய கணவர் அதன் பிறகு உயிருடன் காணப்பட்டார். வெட்டவில்லை. சொல்லிவிட்டார்கள். உடனேயே, மேசையில் இருந்த புதியவன் கவலையாக ஒரு சிரிப்புச் சிரித்தான். சொக்கலேற் வந்தது. முடிவில் திரும்பவும் மேளம், உருண்டை, அதே அழுத முகம்.

பெரியப்பா பதிந்த கசற்றைத் திருப்பி ஓட்டினார். இன்னொரு தரம் பார்த்தார்.

"நல்ல பொட்டு," என்றார்.

நான் எழும்பி ரீவியை நிற்பாட்டினேன். பேசினால் கத்திவிடுவேன்.

"நான் அவனுக்குப் பிண்டம் போட்டனான், பிள்ளை."

"அதை அவர் வந்தாப் பிறகு அவரிட்டைச் சொல்லுங்கோ. அவர் வரவேணுமெண்டா நாளைக்குக் காலமை வெளிக்கிடுங்கோ."

கதிரையைச் சுவரோடு வைத்து ஏறினார். எழுபது வயது மனிசன், மாலையைக் கழற்றினார், பல்ப்பின் வயரை இழுத்தார், படத்தை இறக்கினார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. படத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விடியக் காலமை அதையும் கொண்டுதான் சங்கத்துக்கு வந்தார். கனகலிங்கத்தின் கோவை திறந்தது. ஒன்பது வருடம் பிந்தி, கொழும்பைக் கேட்கத் தொடங்கினார்கள்.

பதில் இன்னும் இல்லை. ஐப்பசி முடிவில் ஆமி முன்னேற, எங்கள் வலிகாமப் பகுதியே வெறுமையாகி, சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தது; சின்னம்மாவும். கார்த்திகையில் கொடிகாமத்திலிருந்து கொழும்புக்கு வந்த ஒருவர் மூலம் செய்தி அனுப்பியிருந்தார். தான் இருக்கிற இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, மூன்று கேள்விகள்தான். தமையனார் போய்ச் சொன்னாரோ? அவரின்ரை பேரைச் சேர்த்தாச்சோ? அந்த முகத்தை எடுத்துப் போட்டாங்களோ?

மூன்றாவதுக்குத்தான் நான் இல்லை என்று எழுதவேண்டி இருக்கிறது. போன ஞாயிறும் வந்தது.